லேப்டாப்புக்குச் சந்தனம் வைக்கக் கூடாது

ஜெனி, ஆல்வின்,

ஜெனி, போன மாதம் நீ புது லேப்டாப் வாங்கி வந்தாயே, அன்றைக்கு நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். மூடியைத் திறந்தாய். வீட்டு வைஃபையின் பெயர் திரையில் வந்தது. ஒரு தட்டுத் தட்டி, பாஸ்வேர்ட் என்கிற சாவியைப் போட்டாய், பிடித்துக்கொண்டது. மறுநாள் ஆபீஸில் திறந்ததும் அங்கேயும் தானாகப் பிடித்துக்கொண்டதாம். சாப்பிடும்போது சொன்னாய்.

"அதுல லினக்ஸ்தானே போட்டுக்கீறே?" என்று கேட்டேன்.

"ஆமாப்பா, அதுக்கு இன்னா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன். ஆனால் எனக்குப் பொறாமையாக இருந்தது. உன் மேல் இல்லை, அந்த மூடியின் மேல். ஒரு மூடி திறப்பதற்குள் முடிந்துவிடுகிற இந்த வேலையை நான் மூன்று வருடம் கையால் செய்தவன். நன்றாகவே செய்தேன். அதை என் கையிலிருந்து ஒருவன் வாங்கிக்கொண்டான். அவன் மேல் வயிறெரிந்து நான் செய்த ஒரு காரியத்தை உங்கள் அம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ரிட்டயர் ஆவதற்கு முன் என் கடைசி ஆயுத பூஜை அன்று நெற்றி முழுக்கச் சந்தனத்தோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தேன். ஆல்வின் போட்டோ எடுத்தான். "ஃபாதர் பாத்தா இன்னாப்பா சொல்லுவாரு?" என்று இரண்டு பேரும் சிரித்தீர்கள். ஏன் துடைத்துக்கொள்ளவில்லை என்று அம்மா கேட்டாள். அதற்கும் பதில் இதில்தான் வருகிறது.

நான் படித்தது பத்தாவது. அப்புறம் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன். மறைமலை நகரில் அப்ரண்டிஸ், பிறகு காண்ட்ராக்டில் கேபிள் இழுக்கும் வேலை, தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் சீட் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ். அந்த வருடங்களில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். இழுத்த கேபிளின் இரண்டு முனையிலும் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று சீட்டு எழுதி ஒட்டுவேன். மற்றவர்கள் ஒட்ட மாட்டார்கள். அந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான் வரதன் சார் என்னைக் கூப்பிட்டு விட்டார்.

வரதன் சார் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேனேஜர். மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல். அதை அவர் உயர்த்தி நான் கேட்டதில்லை. "சரியாயிடுச்சு சார்" என்று யார் போய் நின்றாலும் ஒரே கேள்விதான்.

"பார்த்தியா, நெனச்சியா?"

கேபிளைக் குத்திவிட்டு வந்தால் போதாது. விளக்கு எரிகிறதா என்று நின்று பார்த்திருக்க வேண்டும். இதற்காகவே நீல அட்டை போட்ட ரிஜிஸ்டர் ஒன்று வைத்திருந்தார். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருப்பார். இடது பக்கம் ‘செய்தது’, வலது பக்கம் ‘கண்ணால் பார்த்தது’. வலது பக்கத்தில் ‘இருக்கலாம்’ என்றோ ‘போலிருக்கிறது’ என்றோ எழுதினால் அந்த வரியை அடித்துவிட்டுத் திரும்பவும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். அடியில் செய்தவன் கையெழுத்து, பக்கத்திலேயே கூட நின்று பார்த்தவன் கையெழுத்து. சார் கேட்கும் அந்த இரண்டு வார்த்தைக் கேள்வி எங்கள் ஷாப் ஃப்ளோர் முழுக்கப் பரவிவிட்டது. கேன்டீனில் சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னால்கூட, "பார்த்தியா, நெனச்சியா?" என்று கிண்டல் செய்வார்கள்.

சாரிடம் இன்னொரு பழக்கம். நாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்யும்போது சத்தமில்லாமல் பின்னால் வந்து, நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு நிற்பார். நாற்காலி லேசாகப் பின்னால் சாயும். அவ்வளவுதான். நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். என் அப்பா அப்படி என் பின்னால் வந்து நின்றதில்லை. நான் என்ன படிக்கிறேன் என்றே அவருக்குத் தெரியாது. அதனால் அந்த நாற்காலி சாய்வது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

இப்போது டிராலியைச் சொல்ல வேண்டும். லைன் முடிவில் ஒவ்வொரு கார் சீட்டையும் சோதித்து, பெல்ட் சரி, கொக்கி சரி, தையல் சரி என்று பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு தள்ளுவண்டி. கீழ்த்தட்டில் பேட்டரி, மேல்தட்டில் ஒரு லேப்டாப். லைனிலிருந்து டிஸ்பேட்ச் வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டே பதிவார்கள். பதிந்தது வயர் இல்லாமல் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். பதிவு போகாத சீட் லாரியில் ஏறாது. விண்டோஸுக்கு லைசென்ஸ் கேட்டு சார் எழுதியதற்கு ஹெட் ஆபீஸிலிருந்து பதிலே வரவில்லை. அவரிடம் ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடி இருந்தது. "இதைப் போடு. நெட்வொர்க்குக்கு எது ஒத்துவருதுன்னு நீயே பார்த்துச் சொல்லு" என்று என்னிடம் கொடுத்தார்.

அந்தச் சிடியில் ஒரே வேலைக்கு நான்கு வழி இருந்தது. சார் சொன்னபடி ஒவ்வொன்றையும் ஒரு வாரம் ஓட்டி, ரிஜிஸ்டரில் எழுதினேன். அதிலேயே வருகிற செட்டிங் திரை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு இடத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். இடம் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி நிரப்ப வேண்டும். இன்னொன்று கேபிள் குத்தியிருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கும், காற்றில் வருவது அதற்குத் தெரியாது. மூன்றாவது கருவி டெலிபோன் லைனில் மோடம் வைத்துக் கூப்பிடுவதற்கு. அதில் குறையே இல்லை. சார் வீட்டிலிருந்து வேலை பார்க்க அதையே வைத்துக்கொண்டோம். கடைசியாகக் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையால் அடிக்கிற பழைய வழி. கார்டை எழுப்பு, வைஃபை பெயரைச் சொல்லு, சாவியைக் கொடு, முகவரியைப் போடு, வெளியே போகும் வழியைக் காட்டு. இந்த ஐந்தையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் ஒரு எண்ணை அழுத்தியதும் வரிசையாக நடக்கும். நான் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். சாவி இருபத்தாறு எழுத்து. ஜெபமாலை சொல்வது மாதிரி இன்றைக்கும் தப்பில்லாமல் சொல்வேன்.

லைனில் ஒரு வைஃபை பெட்டி, டிஸ்பேட்சில் வேறு கம்பெனியின் பெட்டி. அதனால் ஒன்றை அழுத்தினால் லைன், இரண்டை அழுத்தினால் டிஸ்பேட்ச். டிராலியில் வேலை செய்தவள் கலா. பக்கத்து ஊர்க்காரி, வாய் ஓயாது. லைன் சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்கும்.

"சேவியர்ண்ணா, ஒண்ணா ரெண்டா? உன் பொட்டி முழிச்சிக்கினு கீது!"

"ரெண்டு அழுத்தும்மா. அழுத்திட்டு பதினெட்டு எண்ணு."

"பதினெட்டு எண்றதுக்குள்ள நான் ரெண்டு சீட்டு முடிச்சிருவேன். போண்ணா!"

அப்படியும் சில நேரம் இணைப்பு விட்டுப்போகும். அதற்காக ஒரு சின்ன நிரல் எழுதினேன். நிமிடத்துக்கு ஒரு முறை அது எழுந்து, கார்டில் நான் கொடுத்த முகவரி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் கார்டை இறக்கி, திரும்ப ஏற்றி, என் முகவரியைப் போடும். அதற்குக் ‘காவல்காரன்’ என்று பெயர் வைத்தேன். லேப்டாப் ஆன் ஆகும்போது அதுவும் தானாகக் கிளம்ப வேண்டும். அதற்காக, ஆன் ஆகும்போது இயந்திரம் படிக்கிற ஃபைலின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ஆனால் மூன்று ஷிப்ட்டும் ஓடுகிற வண்டி என்பதால் அதை அணைப்பதே இல்லை. லேப்டாப்பின் மேல் ‘அணைக்கக் கூடாது’ என்று என் கையால் எழுதி ஒட்டியிருந்தேன்.

பிறகு முத்துராஜ் வந்தான்.

கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு வருட டிரெய்னியாகச் சேர்ந்தான். சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேர் சேர்ந்து ஒரு ரூம். வருட முடிவில் வேலை நிரந்தரம் என்று சார் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். அவன் வீட்டில் அந்தக் கடிதத்துக்காகத் தங்கச்சி கல்யாணத்தையே தள்ளி வைத்திருந்தார்கள். என்னை வந்த நாளிலிருந்து "அண்ணே" என்றுதான் கூப்பிட்டான். அவனிடம் குறை சொல்ல ஒன்றும் அகப்படாததே எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. இங்கிலீஷில் இருக்கிற விளக்கப் பக்கங்களை நான் அகராதி வைத்துக்கொண்டு மூன்று நாள் படிப்பேன். அவன் டீ குடித்துக்கொண்டே படிப்பான். படித்துவிட்டு, "அண்ணே, நீங்க சொன்னியள்லா, அதேதான் இதுலயும் போட்டிருக்கு" என்பான். என்னை மட்டம் தட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

எட்டாவது மாதம் அவன் ஒரு புது சிடி கொண்டுவந்தான். அதில் நெட்வொர்க் மேனேஜர் என்று அப்போதுதான் வந்திருந்த ஒரு கருவி. திரையின் மூலையில் ஒரு சின்னப் படம். அதுவே அக்கம்பக்கத்தில் எந்த வைஃபை இருக்கிறது என்று பார்க்கும், தெரிந்த பெயராக இருந்தால் தானே சேர்ந்துகொள்ளும், முகவரியும் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். சார் ஒரு சோதனை வைத்தார். லைன் முனையிலிருந்து டிஸ்பேட்ச் கதவு வரை கலா டிராலியைத் தள்ள வேண்டும். முதலில் என் முறை. கலா இரண்டை அழுத்தினாள், பதினெட்டு எண்ணினோம், வந்தது. அடுத்து அவனுடையது. கலா எதையும் அழுத்தவில்லை. தள்ளிக்கொண்டே போனாள். கதவுக்குப் போவதற்குள் அதுவே டிஸ்பேட்ச் வைஃபைக்கு மாறியிருந்தது.

"ஐய! இன்னாது இது, தானே பூட்ச்சே!" என்று கலா கைதட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்துவும் நல்லாத்தாண்ணா இருந்திச்சி" என்றாள். அந்த ‘இருந்திச்சி’ எனக்குச் சுருக்கென்று இருந்தது.

அன்று சாயங்காலம் முத்துராஜ் உட்கார்ந்து எதையோ அடித்துக்கொண்டிருந்தான். சார் வந்தார். அவன் நாற்காலியின் முதுகில் கையை வைத்தார். நாற்காலி லேசாகச் சாய்ந்தது. கேபிள் முனையை நசுக்குகிற கிரிம்பிங் டூலைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். கேபிள் முனையை இரண்டு தடவை தப்பாக வெட்டினேன்.

மறுநாள் சார் கூப்பிட்டார். "சேவியர், உன்னோட ஃபைலையெல்லாம் எடுத்துட்டு, சுத்தமா அவன் கையில குடுத்துடு. ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாது."

எடுத்தேன். ஒன்று, இரண்டு, எல்லா ஃபைலையும் அழித்தேன். ஓடிக்கொண்டிருந்த காவல்காரனையும் நிறுத்தினேன். ஆனால் அவனை அழிக்கவில்லை. ஆன் ஆகும்போது அவனை எழுப்புகிற அந்த ஒரு வரியையும் விட்டுவைத்தேன். புதுக் கருவி என்றைக்காவது கைவிட்டால் நம்முடையது காப்பாற்றட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது பொய். கைவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். என் பொருள் ஒன்றாவது அதற்குள் இருக்க வேண்டும், அது அவனுக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம். ரிஜிஸ்டரில் எழுதினேன். செய்தது: எல்லாம் நீக்கப்பட்டது. கண்ணால் பார்த்தது: எதுவும் இல்லை. கூட நின்று பார்த்தவன் இடத்தில் முத்துராஜ் கையெழுத்துப் போட வேண்டும்.

"பாத்துட்டுப் போடுப்பா" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதாம்ணே" என்று பார்க்காமலே போட்டான்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. லேப்டாப் அணையவே இல்லையே, காவல்காரன் எப்படி எழுவான்?

ஆயுத பூஜை வந்தது. லைனை நிறுத்தி, மிஷினையெல்லாம் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைப்பார்கள். நானும் பொரி வாங்கிக்கொண்டு நிற்பேன். டிராலிக்குப் பொட்டு வைப்பது வருடா வருடம் கலாவின் பொறுப்பு. வேறு யாரையும் விட மாட்டாள். அந்த வருடம் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணா, தையல் மிஷினு, கம்ப்ரசரு எல்லாம் இன்னிக்கி ரெஸ்ட்டு. இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி? இதையும் அணைச்சி வெய்யிண்ணா. கும்புட்ற அன்னிக்கி வேலை வாங்கக் கூடாது."

‘அணைக்கக் கூடாது’ என்று நான் ஒட்டிய சீட்டு என் கண் முன்னால்தான் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. வந்தது என்றுதான் எழுத வேண்டும். "சரி, ரெஸ்ட்டு எடுக்கட்டும்" என்று சொல்லி நானே அணைத்தேன். லேப்டாப்பின் பக்கவாட்டில் வயர்லெஸ் கார்டு கட்டை விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பச்சை விளக்கு. கலா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதான் இதுக்குக் கண்ணு. எப்பவும் சிமிட்டிக்கினே கீது" என்று சொல்லி, சரியாக அதன் ஓரத்திலேயே சந்தனத்தை வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

விஜயதசமி முடிந்து வியாழக்கிழமை காலையில் லைன் ஓடியது. லேப்டாப்பை ஆன் செய்தார்கள். ஐந்து நிமிடத்தில் கலாவின் குரல்.

"முத்து! பூட்ச்சிப்பா! வந்துது... மறுபடியும் பூட்ச்சி!"

நிமிடத்துக்கு ஒரு முறை இணைப்பு அறுந்தது. எனக்கு மட்டும் தெரியும் உள்ளே என்ன நடக்கிறது என்று. புதுக் கருவி ஒரு முகவரியைக் கேட்டு வாங்கிப் போடும். காவல்காரன் எழுந்து பார்ப்பான், இது நம் முகவரி இல்லையே என்று கார்டை இறக்கி ஏற்றித் தன்னுடையதைப் போடுவான். புதுக் கருவி மறுபடி தன்னுடையதை வாங்கும். ஒரே ஸ்டியரிங்கை இரண்டு டிரைவர் பிடித்து இழுக்கிற கதை. நடுவில் பதிவு போகாத சீட்டுகள் லைன் முனையில் குவிந்தன.

சனிக்கிழமை கார் கம்பெனியிலிருந்து தரம் பார்க்கிற ஆட்கள் வருவதாக இருந்தது. முத்துராஜின் கடிதம் டைப் ஆகி சாரின் மேஜையில் இருந்தது. சார் அவனைக் கூப்பிட்டு, வழக்கமான குரலில் சொன்னார்.

"சனிக்கிழமைக்குள்ள இது அறுந்துபோறது நிக்கலைன்னா அன்னிக்குப் பேப்பர்ல எழுதிக்குவோம், அது பரவாயில்லை. ஆனா இது நீ போட்ட கருவி. காரணம் தெரியாம நான் உன் லெட்டர்ல கையெழுத்துப் போட முடியாது முத்துராஜ். தப்பா எடுத்துக்காதே."

"சரிங்க சார்" என்றான். வெளியே வந்து என்னிடம், "அண்ணே, ஒங்களுக்கு எதாச்சும் தோணுதா?" என்று கேட்டான்.

"இன்னான்னு தெரியலப்பா" என்றேன். ஜெனி, ஆல்வின், இதை எழுதும்போது என் கை நிற்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். அவன் தவிப்பதைப் பார்க்க எனக்கு ருசியாக இருந்தது. டீக்கடையில் இரண்டு வடை சாப்பிட்டேன்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பக்கத்து ஷெட்டில் வெல்டிங் ஓடுவதால் என்றார் ஒருவர். வைஃபை பெட்டி சூடாகிவிட்டது என்றார் இன்னொருவர். பிறகு லைன் சூப்பர்வைசர் கார்டைப் பார்த்துவிட்டு, "சந்தனம் உள்ள எறங்கிருக்குய்யா! பூஜைக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். அதற்குப் பிறகு எல்லோர் வாயிலும் சந்தனம்தான். மாற்றிப் போட்டுப் பார்க்க வேறு கார்டு கிடையாது. கலா என் பக்கத்தில் வந்து நின்றாள். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணா, கண்ணுல வெச்சிட்டேனோ? அதுக்குத்தான் அத்துக்குப் பார்வை பூட்ச்சா?"

"அதெல்லாம் இருக்காதும்மா" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சார் என்னிடம் கார்டைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொன்னார். ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தேன். ஓரத்தில் காய்ந்த சந்தனம் கொஞ்சம் வந்தது. மறுபடி செருகியதும் முத்துராஜ் லேப்டாப்பைத் தரையில் வைத்து, தானும் கீழேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஆன் ஆகும்போது என்னென்ன எழுகிறது என்று ஒவ்வொரு வரியாகப் படித்தான். நான் ஏணியில் நின்று கேபிள் கட்டிக்கொண்டிருந்தேன். அவன் விரல் நின்றது தெரிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு சுற்றும் பார்த்தான், பக்கத்தில் யாரும் இல்லை.

"அண்ணே, செத்த இங்கன வாங்களேன்."

இறங்கிப் போனேன். திரையில் என் வரி இருந்தது. காவல்காரன் என்று இங்கிலீஷ் எழுத்தில், பக்கத்தில் என் இனிஷியலோடு. கேபிள் முனைக்குச் சீட்டு ஒட்டுகிற பழக்கம், இதிலும் ஒட்டியிருந்தேன்.

கத்துவான், சாரைக் கூப்பிடுவான் என்று நினைத்தேன். அவன் மெதுவாக, "இந்த வரி ஒங்களுக்கு வேணுமாண்ணே? எடுத்துரட்டா?" என்று கேட்டான்.

"எடுத்துடு" என்றேன்.

எடுத்தான். அணைத்து ஆன் செய்தான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து திரையையே பார்த்தோம். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி நேரம். அறவில்லை.

அவன் போய் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "நீங்களே எழுதுங்கண்ணே."

இரண்டு மாதத்துக்கு முன் நான் எழுதிய ‘எதுவும் இல்லை’ சில பக்கங்களுக்கு முன்னால் இருந்தது. உண்மையை எழுதினால் நான் பொய்க் கையெழுத்துப் போட்டவன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் அவன், அதனால் அவன் கடிதமும் போகும். இப்படிக் கணக்குப் போட்டேன். அவனுக்காகத்தான் என்றும் சொல்லிக்கொண்டேன். பேனாவை எடுத்தேன்.

செய்தது: கார்டைக் கழற்றித் துடைத்தோம். லேப்டாப்பை அணைத்து ஆன் செய்தோம்.

கண்ணால் பார்த்தது: கார்டின் ஓரத்தில் பூஜைச் சந்தனம் இருந்தது. இப்போது அரை மணி நேரமாக இணைப்பு அறவில்லை.

ஒரு வார்த்தை பொய் இல்லை. எல்லாம் கண்ணால் பார்த்ததுதான். சாரின் ரிஜிஸ்டரில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெரிய பொய்யை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

முத்துராஜ் படித்தான். பேனாவை வாங்கினான். உடனே போடவில்லை.

"கலாக்கா பாவம்ணே" என்றான்.

"சார் அவள ஒண்ணும் சொல்ல மாட்டாருப்பா."

அவன் கடிதத்தை நினைத்தானோ, தங்கச்சியை நினைத்தானோ, என்னை நினைத்தானோ. தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டான்.

சாயங்காலம் சார் ரிஜிஸ்டரைப் படித்தார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்து நின்றார். "பார்த்தியா, நெனச்சியா?"

"பார்த்தேன் சார்."

நாற்காலி லேசாகச் சாய்ந்தது. இரண்டு மாதமாக நான் ஏங்கிய அந்தக் கை. என்னால் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை நல்லபடியாகப் போனது. கடிதத்தில் கையெழுத்தும் ஆனது. திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். ‘பூஜை நாட்களில் லேப்டாப், கம்ப்யூட்டர்களுக்குப் பூ மட்டும் வைக்கவும். சந்தனம், குங்குமம் வைக்கக் கூடாது.’ சார் கலாவைத் திட்டவில்லை. "இனிமே டிராலி பூஜையை வேற யாராவது பார்த்துக்கட்டும்மா" என்று மட்டும் தன்மையாகச் சொன்னார். அவள் "சரி சார்" என்றாள். அடுத்த வருடத்திலிருந்து ஆயுத பூஜைக்குப் பின்வரிசையில் நின்றாள்.

முத்துராஜ் அதன் பிறகு இரண்டு வருடம் இருந்தான். பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்பும் நாளில் என்னிடம் வந்து, "ஒங்க காவல்காரன எம் பென் டிரைவ்ல வச்சிருக்கேம்ணே. அன்னைக்கே காப்பி எடுத்துட்டுத்தான் அழிச்சேன். படிச்சுப் பாக்கப் பாக்க நல்லா எழுதியிருக்கிய" என்றான். அதையும் மனதாரச் சொன்னான். அவன் போன பிறகும் வயிறு எரிந்தது. இந்த முறை அவன் படிப்புக்காக இல்லை.

சார் ரிட்டயர் ஆனார். ரிஜிஸ்டர்கள் பழைய பேப்பரோடு போயின. ஆனால் அந்த நோட்டீஸ் மட்டும் போகவில்லை. தாள் கிழிந்தால் புதிதாக ஒருவர் டைப் செய்து ஒட்டுவார். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் எனக்கே விளக்கம் சொல்வார்கள். "லேப்டாப்புக்குச் சந்தனம் வெக்கக் கூடாதுண்ணே, வைஃபை போயிடும்." இப்போதைய லேப்டாப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கார்டே கிடையாது. ஆனாலும் தலையாட்டுவேன்.

என் கடைசி ஆயுத பூஜைக்குக் கலா வழக்கம்போலப் பின்வரிசையில் நின்றாள். அவளுக்கும் முடி நரைத்துவிட்டது. சந்தனக் கிண்ணம் சும்மா மேஜையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கு இங்கே எழுதிய அளவுக்கு விளக்கமாக இல்லை, நாலு வாக்கியம்தான்.

அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் கையில ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"என் பொண்ணு கல்யாணத்துல சந்தனக் கிண்ணத்த நான் தொடல, தெரியுமா உனக்கு? என் தங்கச்சி கையில குட்த்துட்டு ஓரமா நின்னேன். நம்ம கை பட்டா எதுனா ஆயிடும்னு. பெத்தவ ஏண்டி ஓரமா நிக்கிறேன்னு எல்லாம் கேட்டாங்க."

கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் கிண்ணத்தைப் பிடுங்கினாள். நேராக லேப்டாப் மேஜைக்குப் போனாள். ஒரு பிள்ளை ஓடிவந்து, "அக்கா, அக்கா, அதுக்கு வெக்கக் கூடாது!" என்றது. "தள்ளு!" என்று ஒரு அதட்டு. ஒவ்வொரு லேப்டாப்பாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"நெட்டு போச்சா?"

ஒவ்வொரு திரையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "போகல."

"பார்த்தியா, நெனச்சியா?"

"பார்த்தேம்மா."

கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை நாலு விரலாலும் வழித்து எடுத்தாள். ஷாப் ஃப்ளோரே பார்க்க என் நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அப்பினாள்.

"வூட்டுக்குப் போற வரிக்கும் தொடைக்கக் கூடாது. தொடைச்சே, தெரியும் சேதி."

பஸ்ஸில் ஜன்னலோர சீட். ஒரகடம் தாண்டியதும் சந்தனம் காய்ந்து தோலை இழுக்க ஆரம்பித்தது. "கலாக்கா பாவம்ணே" என்று அன்று முத்துராஜ் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பேனாவைக் கையில் வாங்கிய அந்த ஒரு நொடியில் அவனுக்கு அவள் ஞாபகம் வந்தது. எனக்கு வருவதற்கு ரிட்டயர் ஆகிற வயது வந்துவிட்டது. இதில் மட்டும் அவன் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். கை நெற்றிக்குப் போன போதெல்லாம் கீழே இறக்கிக்கொண்டேன்.